உருட்டுக்கட்டையும் ஹாஷ் மதிப்பும்

தொண்ணூறுகளில் நான் கறுப்புக் கோட்டு மாட்டிய புதிதில், அடிதடி வழக்கு என்றால் எஃப்.ஐ.ஆரை முழுசாகப் படிக்க வேண்டியதே இல்லை. முன்விரோதம் காரணமாக வழிமறித்து, அசிங்கமாகத் திட்டி, உருட்டுக்கட்டையால் தாக்கி, உயிரோடு விடமாட்டேன் என்று மிரட்டியதாக இருக்கும். வடக்குத் தெருவோ தெற்குத் தெருவோ, வாசகம் ஒன்றுதான். அதற்கேற்ப 341, 294(பி), 324, 506(2) என்று பிரிவுகள் வரிசை கட்டும். அடித்தவரும் சளைத்தவரல்ல, நேரே ஜி.எச்.சுக்குப் போய் அடுத்த கட்டிலில் படுத்து, எதிர்ப் புகார் கொடுத்துவிடுவார்.

2024 ஜூலை 1-இல் இந்திய தண்டனைச் சட்டம் விடைபெற்று, பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. வாசகம் அப்படியே இருக்க, எண்கள் மட்டும் 126(2), 296(பி), 118(1), 351(3) ஆயின. சாதாரணக் காயம் ஏற்படுத்தினால் 323-இல் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. புதிய 115(2)-இல் பத்தாயிரம் வரை. விலைவாசி அறைக்கும் உண்டு போலிருக்கிறது. அப்போது 20 நாள் கடும் வலியில் கிடந்தால் கொடுங்காயம்; இப்போது 15 நாள் போதும். முன்னோர்கள் திடமானவர்கள் என்று சும்மாவா சொன்னார்கள்!

அன்றைய வழக்கின் கதாநாயகன் உருட்டுக்கட்டை. ‘எம்.ஓ. 1’ என்று சீட்டு ஒட்டி, சொத்து அறையில் வருடக்கணக்காகக் கிடந்து, செல்லரித்த கோலத்தில் மேஜைக்கு வரும். நான் சாட்சியிடம் கேட்பேன்.

“அடிச்ச கட்டை இதுதானா?”

“இதே மாதிரிதாங்க.”

“மாதிரியா, இதுவேதானா?”

சாட்சி கட்டையைப் பார்ப்பார். பிறகு கூண்டில் நிற்கும் தன் மச்சானைப் பார்ப்பார். “இருட்டுல சரியாத் தெரியலீங்க” என்பார். அரசுத் தரப்பு வழக்கறிஞரான ஏ.பி.பி. எழுந்து, பிறழ் சாட்சியாக அறிவிக்க அனுமதி கேட்பார். அடுத்து டாக்டர். “இந்தக் காயம் கல்தரையில் விழுந்தாலும் ஏற்படலாம் அல்லவா?” “ஏற்படலாம்.” அன்றைய வேலை முடிந்தது.

இப்போது கண்ணால் கண்ட சாட்சிக்குப் பஞ்சமில்லை. தெருவே செல்போனோடு நிற்கிறது. ஆனால் முதல் அடி விழுந்த பிறகுதான் யாரும் போனை எடுக்கிறார்கள். யார் ஆரம்பித்தது என்பதைத் தவிர எல்லாம் பதிவாகியிருக்கும்: நாலு கைலி, ஓர் ஒற்றைச் செருப்பு, “விடுறா, விடுறா” என்ற சத்தம், நடுவில் குரைக்கும் நாய். இந்த வீடியோவைச் சாட்சியமாக்க, பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியைத் தாக்கல் செய்பவர் நிரப்ப வேண்டும், மறுபகுதியை நிபுணர். கோப்பின் டிஜிட்டல் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பும் குறிக்க வேண்டும். படமெடுத்த தம்பியோ அந்தப் போனைத் தீபாவளி எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பான். அன்று இருட்டு செய்த உதவியை இன்று தொழில்நுட்பம் செய்கிறது. டாக்டரிடம் மட்டும் அதே கல்தரைக் கேள்வி, அதே “ஏற்படலாம்”.

இதற்குள் வாய்தா மேல் வாய்தா ஓடி, இரு வீட்டுக்கும் பொதுவான ஒரு கல்யாணம் வந்துவிடும். தாய்மாமன் சீர் யார் செய்வது? ராஜி பேசியாக வேண்டும். இங்கேதான் சட்டம் தன் விளையாட்டைக் காட்டும். வெறுங்கையால் அடித்ததை, அடிபட்டவர் உள்ளூர்க் கோர்ட்டிலேயே மன்னிக்கலாம். அசிங்கமாகத் திட்டியதற்கு ராஜி கிடையாது. 294(பி)-யிலும் இல்லை, 296(பி)-யிலும் இல்லை. அதனால் அப்போதெல்லாம் ராஜி ஆன கையோடு சாட்சிகளின் காது மந்தமாகிவிடும். ராஜிக்கு உட்படாத குற்றமானாலும், தகராறு தனிப்பட்டதாக இருந்தால் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்யலாம் என்று 2012-இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இப்போது சாட்சிகள் பொய் சொல்ல வேண்டாம். மதுரைக் கிளைக்குப் போக வண்டிக்கு டீசல் போட்டால் போதும்.

போன வருடம் அப்படித்தான் அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே காரில் அழைத்துப் போனேன். இருவரும் ஆதார் அட்டையோடு நீதிபதி முன் நின்றார்கள், எஸ்.ஐ. அடையாளம் சொன்னார், வழக்கு ரத்தானது. திரும்பும் வழியில் பங்க்கில் வண்டி நின்றது. டீசல் காசு யார் கொடுப்பது என்று பேச்சு தொடங்கி, குரல் உயர்ந்தது. சின்னவர், “டேய்...” என்று ஆரம்பித்தார்.

பதறிப்போய்க் குறுக்கே கையை நீட்டினேன். “ஐயா, கை நீட்டணும்னா நீட்டிக்குங்க, நம்ம ஊர்லயே ராஜி போட்டுக்கலாம். வாயை மட்டும் திறக்காதீங்க. மறுபடியும் மதுரைக்கு வரணும்.”