மயிலுக்கு வலிப்பு வந்த கதை

வா மாப்ளே, உக்காரு. ராத்திரி ஒத்திகையில நீ லேசர்ல விட்ட மயிலைப் பாத்தேன். தோகை விரிச்சு ஆடுதுன்னு நீ மைக்குல சொன்ன பெறவுதான் ஆட்டம்னு தெரிஞ்சுது. நான் வலிப்புன்னுல்ல நெனைச்சு, கையில குடுக்கச் சாவி தேடிக்கிட்டு இருந்தேன்.

கோவப்படாத. மாமனும் முப்பது வருசம் சீரியல் செட்டு போட்டவன்தான். எனக்கு ஒரு வசதி, நூறு பல்பும் ஒண்ணா எரியும். ஒனக்கு இருக்கிறது ஒத்தப் புள்ளி. பெட்டிக்குள்ள நகத்தளவு கண்ணாடி ரெண்டு, ஒண்ணு இடவலமா, ஒண்ணு மேலகீழா ஆடி, அந்தப் புள்ளிய இழுத்துக்கிட்டு ஓடுது. பெட்டியில 30கேன்னு போட்டிருக்கே, செகண்டுக்கு 30,000 புள்ளி. மயிலுக்கு நீ வெச்சது 3,000. அப்ப செகண்டுக்குப் பத்துத் தடவைதான் மயிலு முழுசா வரும். மினுக்காம என்ன செய்யும்? 1,000த்துக்குள்ள முடி, முப்பது தடவை வரும், பாக்க மயிலா இருக்கும்.

3,000 எப்படி வந்துச்சுன்னும் தெரியும். மவுஸைப் புடிச்சு இஷ்டத்துக்குக் கிறுக்கியிருக்க. கை நடுங்கின நடுக்கத்துக்கெல்லாம் ஒரு புள்ளி. பக்கத்துலயே வளைவுக் கருவி சும்மா கெடக்கு. பிரான்சுல ரெனால்ட் கம்பெனியில பெசியர்னு ஒருத்தர், கார் உடம்பை வளைக்கிறதுக்காக 1960கள்ல பரப்பிவிட்ட கணக்கு அது. கழுத்தடியில ஒரு புள்ளி, தலையில ஒரு புள்ளி. ரெண்டுக்கும் மீசை மாதிரி கைப்பிடி நீட்டிக்கிட்டு நிக்கும். மீசைய முறுக்கு, கழுத்து தானா வளையும். கடைசியில அதையும் புள்ளியாத்தான் நறுக்கப் போகுது. ஆனா எத்தனைன்னு நீ சொல்லலாம், சீரா நறுக்கும். ஒனக்கு இன்னும் மீசையே ஒழுங்கா வரல, அது வேற விசயம்.

நேர்கோடு லேசுன்னு நெனைக்காத. ஏர் ஓட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும். மூலையில மாட்டை வெடுக்குன்னு திருப்ப முடியுமா? வளைஞ்சுதான் திரும்பும், மூலை உழாம கெடக்கும். கண்ணாடியும் மாடுதான். நீ வேல் முனையில ஒத்தப் புள்ளி வெச்ச, முனை மழுங்கி முருகன் கையில கரண்டி ஆயிருச்சு. அதே எடத்துல மூணு நாலு புள்ளி அடுக்கு, நின்னு திரும்பும். ஆசைப்பட்டு இருபது அடுக்கிறாத, அந்த எடம் மட்டும் கொள்ளிக்கட்டையாட்டம் எரியும். வளைவுக்கு இந்த அடுக்கே வேண்டாம்.

ஒரு எறகுலருந்து அடுத்த எறகுக்கு வெளக்கை அணைச்சுட்டுத் தாவுதே, பிளாங்கிங், அது ஓசிச் சவாரின்னு நெனைச்சியா? அதுக்கும் புள்ளி செலவு. நாப்பது எறகு எதுக்கு, ஏழு போதும். பக்கத்துல பக்கத்துல இருக்கிறத வரிசையாக் கோத்துரு.

இன்னொண்ணு. 30கேங்கிறது 8 டிகிரி அகலத்துல அளந்தது. நீ பெட்டியைக் கிட்ட வெச்சுக்கிட்டுச் சுவரு முழுக்க விரிச்சா மாடு நொண்டத்தான் செய்யும், வேகத்தைக் கொறை. லேசரைச் சனங்க மொகத்துக்கு எறக்கிறாத. கண்ணுக்கு ஆபத்து, செல்போன் கேமராவும் போயிரும்.

அப்பறம் உபயதாரர் பதினோரு பேர் பேரையும் ஒண்ணாப் போடணும்னு விழாத் தலைவரு நிக்கிறாராமே. சாதா எழுத்துருவுல எடுத்தா எழுத்தோட ரெண்டு கரையையும் சுத்தும், புள்ளி ரெட்டிப்பு. ஒத்தக் கோட்டுல நீயே வரைஞ்சுரு. ஒவ்வொரு பேரா மாத்தி மாத்திப் போடு. யாரு பேரு மொதல்லங்கிற சண்டையத் தீக்க அந்தப் பொட்டியில கருவி கெடையாது, அதை நீயே பாத்துக்க.

என் பேரா? நான் இன்னும் பணம் குடுக்கல மாப்ளே. பிளாங்கிங்ல எழுதிரு.