பெயர் மட்டும் என்னுடையது

எங்கள் வீட்டில் எந்தக் காரியத்துக்கும் உத்தரவு என்னிடமிருந்துதான் புறப்படும். "கொடிக்காலுக்குத் தண்ணி கட்டோணும்", "மோட்டாருக்கு ஆள் சொல்லி உடோணும்", "பால் கணக்கு முடிக்கோணும்" என்று திண்ணையில் உட்கார்ந்தபடி அறிவித்துவிடுவேன். யார் செய்வது, எப்படிச் செய்வது என்பதெல்லாம் சில்லறை விவகாரம். அதில் நான் தலையிடுவதில்லை. இந்தப் பழக்கத்துக்கு என் மனைவி வைத்திருக்கும் பெயர்களை அச்சில் ஏற்ற முடியாது. ஆனால் கணினித் துறையில் இதற்கு மரியாதையான ஒரு பெயர் இருக்கிறது என்பதை, பொறியியல் படிக்கும் என் மகள் வழியாகத் தெரிந்துகொண்டேன்: அப்ஸ்ட்ராக்ட் பேஸ் கிளாஸ்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழா. குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் கூடுகிற நாட்களில் ஊருக்குள் வண்டி நகராது. மகள் மார்வாரிக் குதிரைகளையும், செம்பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டு போட்ட பர்கூர் மாடுகளையும் போனில் படம் பிடித்து வந்தாள். அந்தப் படங்களைச் சுருக்கவும் திருப்பவும் கறுப்பு வெள்ளையாக்கவும், மேலே கோடும் வட்டமும் வரையவும் ஜாவா என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதுவது அவளுடைய கல்லூரி வேலை. மேற்பார்வையை நானே ஏற்றுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

ஒரு படம் 4000-க்கு 3000 புள்ளி என்றாள். பெருக்கினால் 1 கோடியே 20 லட்சம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. "கறுப்பு வெள்ளை ஆக்கோணும்னா மூணையும் கூட்டி மூணால வகுத்துப் போடு அம்முணி" என்று யோசனை சொன்னேன். "இல்லீங்கப்பா, மனுசக் கண்ணுக்குப் பச்சைதான் வெளிச்சமாத் தெரியும்" என்று சொல்லி, பச்சைக்கு ஏறக்குறைய 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 என்று பங்கு போட்டாள். என் யோசனை தள்ளுபடியானாலும், வெற்றிலை போடுகிறவன் என்ற முறையில் பச்சைக்கு வந்த யோகம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள். படங்களில் பல ஜாதகம். 1992-ல் தரமாக்கப்பட்ட ஜேபெக், அளவைக் குறைக்க நுணுக்கங்களில் கொஞ்சத்தைக் கைவிட்டுவிடும். 1996-ல் வந்த பிஎன்ஜி ஒரு புள்ளியையும் விடாது. இவை தவிர நாமே வரையும் கோடு, வட்டம். எல்லாவற்றிடமும் "திரையில் உன்னை வரை", "சுருங்கு", "திரும்பு" என்று ஒரே மாதிரி கட்டளையிட முடிய வேண்டும். அதனால் முதலில் 'படம்' என்று பொதுவான ஒரு கிளாஸ். அதில் கட்டளைகளின் பெயர் மட்டும் இருக்கும். அதன் வழி வரும் பிள்ளைகள் தத்தம் பாணியில் உள்ளடக்கத்தை எழுதிக்கொள்ளும். நாளைக்கே புதுவகைப் படம் ஒன்று வந்தாலும், கட்டளையிடும் பகுதியில் ஒரு வரி மாற்ற வேண்டாம்.

"அப்ப அந்தத் தலைமை என்ன வேலை செய்யும்?"

"பெருசா ஒண்ணும் செய்யாதுங்கப்பா. என்ன செய்யோணும்னு சொல்லும். அதையே தனியா உருவாக்கிக் களத்துல எறக்கலாம்னு பாத்தா நிரல மொழிபெயர்க்கிற கம்பைலர் உடாது."

அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "நேரா வேலைக்குக் கூப்பிட்டா வராதுன்னு சொல்லு கண்ணு. உங்கப்பாவுக்கு வெளங்கும்."

விளங்கியது. ஜாவாவோடு 1996-ல் வந்த 'இமேஜ்' என்ற கிளாஸ் அப்படியே நான்தான். படத்தின் அகலம் என்ன, உயரம் என்ன என்ற கேள்விகளின் பெயர்தான் அதில் இருக்கிறது, பதில் இல்லை. 1998-ல் வந்த 'பஃபர்டு இமேஜ்' என்ற பிள்ளைதான் புள்ளிகளை நினைவகத்தில் சுமந்துகொண்டு, ஒவ்வொன்றையும் தொட்டு மாற்ற இடம் கொடுக்கிறது. தகப்பனும் சும்மா இல்லை. படத்தை வேறு அளவில் ஆக்கித் தரும் வேலை ஒன்றைத் தானே செய்கிறது. அது ரொம்ப மந்தம் என்று நிரலாளர்கள் அதைத் தொடுவதில்லையாம். ரேஷன் கடைக்கு என்னை அனுப்புவதை எங்கள் வீட்டில் நிறுத்தியதற்கும் இதே காரணம்தான் சொல்லப்பட்டது.

பூர்வீகத்தையும் விசாரித்தேன். 1963-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையிலேயே வரையலாம். மூலப்படம் ஒன்றை வைத்துப் பல நகல்கள் போடலாம். மூலத்தைத் திருத்தினால் நகல்கள் எல்லாம் தாமாகத் திருந்தும். பெரியவர்களுக்கு அது பொற்காலம். நான் காப்பியை விட்டு சுக்குத் தண்ணிக்கு மாறியபோது எங்கள் வீட்டில் ஒரு டம்ளர்கூட மாறவில்லை. பிறகு நார்வேக்காரர்களான ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் 'சிமுலா 67' கொண்டுவந்தார்கள். தகப்பன் கிளாஸ் வைத்திருக்கும் முறையைப் பிள்ளை கிளாஸ் தன் விருப்பப்படி மாற்றி எழுதிக்கொள்ள அதில் வழி செய்து கொடுத்தார்கள். இந்தக் குடும்பக் கலகத்தைத் தொடங்கியவர்களுக்கு 2001-ஆம் ஆண்டின் டூரிங் விருது வேறு.

இதையெல்லாம் கேட்டு நான் சோர்ந்துவிடவில்லை. கல்யாணப் பத்திரிகை என் பெயருக்குத்தான் வருகிறது. போவது மனைவியா மகளா, மொய் ஐந்நூறா ஆயிரமா என்பது கிளம்புகிற நேரத்தில், என்னைக் கேட்காமல் முடிவாகும். ஆனாலும் மொய் நோட்டில் ஏறுவது என் பெயர். அழைத்தவருக்கும் யார் வந்தார்கள் என்ற கவலை இல்லை. பெயர் வந்தால் போதும். கணினிக்காரர்கள் பாலிமார்பிசம் என்று தனிப்பாடமாக வைத்திருப்பது இதைத்தான்.

இன்னொரு சலுகையும் உண்டு. ஜாவாவில் பிள்ளை கிளாஸிலிருந்து ஒன்றை உருவாக்கும்போது, 'சூப்பர்' என்று எழுதித் தகப்பனை அழைக்க வேண்டும். 2025 வரை, அது முதல் வரியிலேயே வர வேண்டும், மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான் என்ற கட்டாயமும் இருந்தது. முறை தெரிந்தவர்கள் வகுத்த விதி என்று மனம் குளிர்ந்து, "நீ மறந்து போயிட்டீன்னா?" என்று மகளைக் கேட்டேன்.

"நாம எழுதாட்டியும் கம்பைலரே அந்த வரியச் சேத்துக்குமுங்கப்பா. கூப்பிடாமயே வந்து நிக்கும்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. இந்த முறை அங்கிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. தேவையும் இருக்கவில்லை.