சக்கரத்துக்குக் கட்டை போட்டாச்சா?

விமானம் என்றால் பறக்க வேண்டும் என்பதில் எங்கள் கம்மாபுரத்தில் இரண்டு கட்சி கிடையாது. விருத்தாசலம் தாண்டிப் போனால் உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம். இந்தப் பக்கம் நெய்வேலியில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் குடியிருந்தும் எங்களுக்கு விமானம் என்பது அண்ணாந்து பார்த்தால் தெரியும் வெள்ளைக்கோடுதான். அப்படிப்பட்ட ஊரில், மூடியெல்லாம் கழற்றிப்போட்டு ரிப்பேருக்கு நிற்கும் ஒரு போர் விமானத்தைச் சின்ன அளவில் செய்யப்போகிறேன் என்று சொன்னால் என்ன மரியாதை கிடைக்கும்?

"செய்யறதுதான் செய்யற, நல்லா ஓடற விமானமா ஒண்ணு செய்யக் கூடாதா?" என்றார் அத்தை. பழைய வண்டியை வாங்கி ஏமாந்து வந்தவனிடம் பேசும் குரல்.

நான் எடுத்துக்கொண்டது நேட். 1965, 1971 போர்களில் நம் விமானப்படை ஓட்டிய ஒற்றை இருக்கைக் குட்டி விமானம். பிரிட்டனில் ஃபோலண்ட் கம்பெனி வடிவமைத்தது, பெங்களூரு எச்.ஏ.எல். இங்கேயே கட்டியது. பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்து நின்றதால் 'சேபர் ஸ்லேயர்' என்ற பட்டம் வாங்கியது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நிர்மல் ஜித் சிங் செக்கோன் தனியாகப் பல சேபர்களோடு மோதி வீரமரணம் அடைந்தது இந்த விமானத்தில்தான். விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே.

இவ்வளவு பெயர் வாங்கிய விமானத்தின் இறக்கை, நுனிக்கு நுனி ஏழு மீட்டர்கூட இல்லை. எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம். நீளம் பன்னிரண்டு சென்டிமீட்டர். "இதுக்கா கூடத்து மேசையை மொத்தமா வளைச்சுப் போட்ட?" என்ற கேள்விக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை.

ரிப்பேர் காட்சிக்கு நேட்டைவிடப் பொருத்தமான விமானம் கிடைக்காது. அதை வடிவமைத்த பெட்டர், பெரிய தொழிற்சாலை வசதி இல்லாத நாடுகளும் வாங்கிப் பராமரிக்கும்படி எளிமையாக இருக்கவேண்டும் என்று நினைத்தார். உயரம் குறைவு. பெரும்பாலான வேலைகளை ஏணி இல்லாமல் தரையில் நின்றே முடிக்கலாம். பிரேக்குக்குத் தனியாகப் பலகை கிடையாது. பறக்கும்போதே சக்கரங்களைப் பாதி இறக்கினால் அதுவே காற்றுப் பிரேக். இவ்வளவு சிக்கனமான யோசனையை நம் ஊர் ஆள் யாரோ அவர் காதில் போட்டிருக்கவேண்டும்.

யோசனை எளிமை, நடைமுறை வேறு. ஹைட்ராலிக்ஸ் அடம்பிடித்தது. கட்டுப்பாட்டு அமைப்பு தொல்லை கொடுத்தது. போருக்கு நடுவே துப்பாக்கி அடைத்துக்கொண்ட சம்பவங்களும் உண்டு. ஆகவே நேட்டின் கதையில் பாதி வானத்தில் நடந்தது, மீதி தரையில் எண்ணெய்க் கையோடு நடந்தது. முதல் பாதிக்குப் பதக்கம் கொடுத்தார்கள். இரண்டாவது பாதிக்குப் பெரும்பாலும் ஒரு டீ.

நான் செய்ய நினைத்தது அந்த இரண்டாவது பாதியை.

காற்று உள்ளே போகும் வாயின் பக்கவாட்டில் இருக்கும் 30 மில்லிமீட்டர் துப்பாக்கியின் மூடியை வெட்டித் திறந்துவைத்தேன். உள்ளே ஓடும் குழாய்களுக்கு ஃபியூஸ் கம்பி. பீங்கானில் ஃபியூஸ் கேரியர் சுடும் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஃபியூஸ் கம்பிக்கு அலைவானேன்? மூக்குக் குழாய்க்கு இன்சுலின் ஊசி. மாமாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அதிலும் செலவில்லை. அப்புறம், கறுப்பு பெயின்டைத் தண்ணீராகக் கரைத்து, மெல்லிய தூரிகையால் மூடி இடுக்குகளில் எண்ணெய்க்கறை ஏற்றினேன். "விடிஞ்சதுலேருந்து நான் அழுக்கைத் தொடைச்சுக்கிட்டு இருக்கேன், நீ உட்கார்ந்து அழுக்கைப் பூசிக்கிட்டு இருக்கியா?" என்று அத்தை அன்றைக்கு என்னோடு பேச்சை நிறுத்தினார்.

விமானம் தயார். ஆள் வேண்டுமே? பீங்கான் தொழிற்பேட்டையும் அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி நிறுவனமும் இருக்கும் விருத்தாசலத்தை விட்டுவிட்டு வெளிநாட்டுப் பிளாஸ்டிக் ஆட்களை வரவழைப்பதா? எனக்குத் தெரிந்த பொம்மைக்கார அண்ணன் ஒருவரிடம் போனேன். பிள்ளையார், தசாவதாரம், செட்டியார் கடை என்று கொலு பொம்மையில் கைதேர்ந்தவர்.

"எம்மாம் உசரம்?"

"ரெண்டே கால் சென்டிமீட்டர்ணே. கையில ஸ்பேனர்."

அவர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு தொழில் பேசினார். களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். பத்து சதவீதம் சுருங்கலாம், மண்ணைப் பொறுத்து அதற்கு மேலும் போகலாம். அதனால் ஆளைக் கொஞ்சம் வளர்த்தியாகச் செய்துதான் சூளைக்குள் அனுப்பவேண்டும். ஸ்பேனரை மண்ணில் செய்தால் தொட்டதும் உடையும், கம்பியில் செய்து ஒட்டிக்கொள். கிளேஸ் போடட்டுமா வேண்டாமா? "போட்டா பளபளன்னு இருப்பாங்க. வேர்வைன்னு சொல்லிக்க."

நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள். உயரம் கச்சிதம். ஆனால் அண்ணனின் கை இத்தனை வருஷம் பழகிய முகத்தைத்தான் போடும். மூன்று மெக்கானிக்குகளுக்கும் கிருஷ்ணர் சிரிப்பு. துப்பாக்கி அடைத்துக்கிடக்கிறது, எண்ணெய் ஒழுகுகிறது, எல்லையில் போர் நடக்கிறது. மூவரும் குழல் ஊதப்போகிறவர்கள் மாதிரி சிரிக்கிறார்கள். நான்காவது ஆள் சார்ஜென்ட். அவருக்குச் செட்டியார் தொப்பை.

முதல் பார்வையாளர் மாமா. நெய்வேலிச் சுரங்கத்தில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மண் வெட்டும் ராட்சத இயந்திரம் நின்றுபோனால் நடுராத்திரியில் ஆள் வந்து கூப்பிட்டுப் போன காலத்தை இன்னும் மறக்காதவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். அழகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சக்கரத்துக்குக் கட்டை போட்டாச்சா?"

தீக்குச்சியைச் சீவி இரண்டு பக்கமும் போட்டிருந்ததைக் காட்டினேன்.

"எண்ணெய் ஒழுகுதே, கீழே தட்டு?"

மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளில் செய்து வைத்திருந்தேன். தலையாட்டினார். பிறகு சார்ஜென்ட் மேல் கண் போனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"இவர்தான் சூப்பர்வைசரா? கரெக்டா செஞ்சிருக்க."

மெக்கானிக்குகளின் சிரிப்பைப் பற்றிக் கேட்டதற்கும் அவரே விளக்கம் தந்தார். "பழுது எங்கேன்னு கண்டுபிடிச்சிட்டாங்கப்பா. அப்ப அப்படித்தான் சிரிப்பு வரும். உனக்கெல்லாம் புரியாது."

அத்தைக்கு இது பாதிதான் திருப்தி. ஆனாலும் நவராத்திரிக்கு அந்த மேசையைக் கொலுவுக்குப் பக்கத்தில் இழுத்துப்போடச் சொன்னது அவர்தான். பார்க்க வந்தவர்கள் தசாவதாரத்தைத் தாண்டி நேரே விமானத்திடம் வந்து, "ஏன் இது நிக்குது?" என்று கேட்டார்கள். மாமா ஒவ்வொருவருக்கும் ஹைட்ராலிக்ஸில் ஆரம்பித்தார். சுண்டல் ஆறிப்போகும் வரை யாரையும் விடவில்லை.

செக்கோன் பறந்த அதே 18-வது படைப்பிரிவு 2020-ல் நம் சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மறுபடி பறக்க ஆரம்பித்தது. அங்கேயும் பறப்பவர் ஒருவர் என்றால் தரையில் பல பேர். கொலு வைக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த வருஷம் ஏதாவது ஒரு படியின் ஓரத்தில் ஸ்பேனர் பிடித்த ஆள் ஒருவருக்கும் இடம் விடுங்கள். கடையில் கிடைக்காது, விருத்தாசலத்தில் சொல்லித்தான் செய்யவேண்டும். முகம் மட்டும் கிருஷ்ணர் மாதிரி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.