பேராண்டிக்கு சீட்டு கிடைச்சிருக்கு

பழங்குடி மக்களைப் படிக்கறதுக்குன்னே ஒரு பட்டம் இருக்குதாமேப்பா! அமர்கண்டக்ல உனக்கு சீட்டு கிடைச்சிருக்குன்னு உங்க ஆயா தெரு பூரா சொல்லிட்டு வந்துட்டா. 2007ல பார்லிமெண்டே சட்டம் போட்டு உண்டாக்குன யுனிவர்சிட்டி, இந்திரா காந்தி பேர்ல. ரொம்ப சந்தோஷம். நர்மதை பொறக்கிற மலை வரைக்கும் ரயிலேறிப் போய்ப் பழங்குடியைப் பார்க்கப் போறே. நம்ம ஏரிக்கரைக்குப் பின்னால இருக்கிற இருளர் குடிசைக்கு நடந்தா அஞ்சு நிமிசம். அவ்வளவு கிட்டக்க இருக்கிறது படிப்புல சேராது போல.

இருளரைப் பத்தின 'ஜெய் பீம்' படம் பார்த்துட்டு ராத்திரி சோறு தின்னாம படுத்த பையன் நீ. மனசு நல்ல மனசுதான், நான் குறை சொல்லல. ஆனா அறுப்பு முடிஞ்ச வயல்ல இருளருங்க எலி பிடிக்கறதை என்னிக்காவது நின்னு பார்த்திருக்கியா? வளைக்கு எத்தனை வாசல்னு முதல்ல தேடி, ஒண்ணை விட்டு மத்ததை மண்ணால அடைப்பாங்க. அப்புறம் ஓட்டைச் சட்டியில வைக்கோலைக் கொளுத்தி, வாயால ஊதி புகையை உள்ள ஏத்துவாங்க. எலி மயங்கிக் கிடக்கும். அது பதுக்கி வெச்ச நெல்லும் சேர்ந்து கிடைக்கும். இதுக்கு எந்த ஊர்ல என்ன பட்டம் குடுக்கறாங்க?

பாம்பு பிடிக்கிற இருளருங்க, நம்ம செங்கல்பட்டு மாவட்டத்து மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேரையும் 2017ல அமெரிக்காவுக்கு அழைச்சது யாரு தெரியுமா? புளோரிடா யுனிவர்சிட்டி. அங்க பெருகிப் போன மலைப்பாம்பைப் பிடிக்க அதுக்கு முந்தின வருசம் போட்டியே வெச்சாங்க. ஆயிரம் பேர் ஒரு மாசம் அலைஞ்சு நூத்திச் சொச்சம்தான் பிடிச்சாங்க. இவங்க ரெண்டு பேரும் கடப்பாரையும் கையுமாப் போய் ரெண்டே வாரத்துல பத்துக்கு மேல பிடிச்சுக் குடுத்தாங்க. 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. நீ யுனிவர்சிட்டியைத் தேடிப் போறே. யுனிவர்சிட்டி இவங்களைத் தேடி வந்துச்சு. கோவிச்சுக்காதே.

இன்னொரு வேடிக்கை கேளு. பழங்குடியைப் பத்திப் படிச்சேன்னு உனக்கு ரெண்டு வருசத்துல சர்டிபிகேட் வந்துரும். நான் பழங்குடின்னு ஒரு சர்டிபிகேட் வாங்க அந்தக் குடிசைப் பையன் ஆர்.டி.ஓ ஆபீஸ் வாசல்ல கிடக்கறான். அப்பனுக்கு இருக்குதா, தாத்தனுக்கு இருக்குதான்னு கேக்கறாங்களாம். தாத்தன் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சான், காகிதம் வெச்சிருக்க? செங்கல் சூளையில அட்வான்ஸ் வாங்கிட்டு அடிமையாக் கிடந்தவன் பெட்டியில என்னத்தைப் பூட்டி வெப்பான்?

அப்புறம் அமர்கண்டக்ல பழங்குடிங்ககிட்ட போய், 'தங்கள் வாழ்வாதாரம் யாது'ன்னு பாரத்தை நீட்டிடாதே. வேலைக்குக் கிளம்பற நேரத்துல ஒருத்தனை உக்கார வெச்சா அன்னிக்குக் கூலி போச்சு. எதைச் சொன்னா நீ சீக்கிரம் எழுந்து போவியோ அதை அவன் சொல்லிடுவான். நீ அதை அடிக்குறிப்போட அச்சடிப்பே.

ரயிலு ஞாயித்துக்கிழமைதானே? நாளைக்கு என்கூட ஏரிக்கரைக்கு வா, பேனா எடுத்துட்டு. அந்தப் பையனுக்கு மனு எழுதணும். என் கையெழுத்து எனக்கே புரியாது. ஆயா சுட்டு வெச்ச முறுக்குல பாதியைக் கட்டி எடுத்துக்கோ. நீ ஒண்டியாத் தின்னா நாக்பூர் தாண்டறதுக்குள்ள வயித்தைப் பிடிச்சுக்குவே.