நூறாம் வாய்ப்பாடு

முக்கால் லிட்டர் தண்ணீர், 7 யூரோ 20 சென்ட். போன ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் ஹைடெல்பெர்க் கோட்டைக்குக் கீழே இருக்கும் ஓர் உணவகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். தண்ணீர் அன்றைக்கே போய்விட்டது. வயிற்றெரிச்சல் மட்டும் தங்கிவிட்டது. உண்மையில் ஸ்ட்ராஸ்பர்க் போய்வந்ததைப் பற்றி, இனிமேல் போகிறவர்களுக்கு உபயோகமாக நாலு குறிப்பு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்கு வருகிறேன். முதலில் இந்த 720 ரூபாயைப் பேசித் தீர்த்துவிடலாம்.

நான் சொல்வதற்கு முன்பே நீங்களும் 720 என்று போட்டுவிட்டீர்கள்தானே? அதுதான் சனியன். 2025இல் யூரோ நூறு ரூபாயைத் தாண்டியது. அன்றோடு போயிற்று என் நிம்மதி. 2022இல் அது 80 ரூபாய் அக்கம்பக்கத்துக்கு இறங்கியது, பிறகு 87, 89 என்று ஏறிக்கொண்டே வந்தது. அந்த நாட்களில் கணக்குப் போட நேரம் பிடிக்கும். 3 யூரோ 80 சென்ட்டை 87ஆல் மனக்கணக்காகப் பெருக்கி, பாக்கியைத் தூக்கி மேலே வைத்துக் கூட்டி முடிப்பதற்குள் என் மனைவி காபியைக் குடித்து முடித்து வாயையும் துடைத்திருப்பாள். துக்கம் வந்து சேரும்போது காரியம் முடிந்திருக்கும். இப்போது இரண்டு சைபர் போட்டால் தீர்ந்தது. காபி 380. முடிவெட்ட 3,000. நெடுஞ்சாலையில் ஒன்றுக்குப் போக 100. எல்லா வலியும் உடனுக்குடன் வந்து சேர்கிறது. இன்றைய தேதிக்கு யூரோ நூறையும் தாண்டித்தான் நிற்கிறது என்று வங்கி சொல்கிறது. இருக்கட்டும். மேற்கொண்டு உள்ள சில்லறையை என் உடம்பு தாங்காது.

"அப்ப உங்க சம்பளத்தையும் நூறால பெருக்கிக்கிட்டு சந்தோஷமா இருங்களேன்" என்பாள் மனைவி. இவளுக்கு விஷயம் புரியவில்லை. என் சம்பளத்தைப் பெருக்குவது திருச்சியில் இருக்கும் சொந்தக்காரர்களின் இலாகா. அதை அவர்கள் குறைவில்லாமல் நடத்தி வருகிறார்கள், ஒவ்வொரு கல்யாணத்திலும் மொய் எழுதும் இடத்தில் அது தெரியும். செலவைப் பெருக்குவதுதான் என் பொறுப்பு. வாடகையை யார் பெருக்குவது என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

என் அம்மா இந்தக் கலையில் என்னைவிடக் கெட்டிக்காரி. வீடியோ காலில் எங்கள் சமையல்கட்டைப் பார்த்தபடியே கேட்பாள், "முருங்கைக்காய் என்னப்பா விலை?" நாங்கள் இருக்கும் ஸ்டுட்கார்ட்டில் ஈழத்தமிழர் கடை இருப்பதால் முருங்கைக்காய், கத்தரிக்காய், இடியாப்ப மாவு எதற்கும் குறையில்லை. விலையைச் சொல்வதில்தான் குறை. கிலோ 11 யூரோ என்றேன். ஒரு கணம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "ஆயிரத்து நூறா? கொல்லையில பறிக்க ஆளில்லாம முத்திப் போய்த் தொங்குதேடா!" அன்றைய சாம்பாரில் ஒவ்வொரு துண்டையும் நான் சப்பிய சப்பில் சக்கைகூடச் சாயம் போயிற்று.

ஊருக்குப் போனால் இதெல்லாம் தலைகீழ். விமான நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் மனைவிக்குப் பெருக்கல் மறந்து வகுத்தல் வந்துவிடும். பட்டுப்புடவைக் கடையில் விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, 28,000 ரூபாய் என்று அட்டை தொங்கும் அரக்கு நிறத்தைத் தோளில் போட்டுப் பார்த்தபடி, "வெறும் 280 யூரோதாங்க. அங்க ஒரு கோட்டு வாங்குற காசு" என்பாள். அந்தக் கோட்டு வாங்கிய அன்று அதையே நான் 28,000 என்று சொன்னபோது என்னைக் கஞ்சன் என்றாள். ஒரே தொகை, ஒரே புருஷன்! நானும் வகுக்கலாம்தான். ஆனால் ஆட்டோக்காரர் 150 கேட்டால் எனக்கு ஒன்றரை யூரோ என்று தோன்றுவதில்லை, 'சத்திரம் பேருந்து நிலையத்துக்கா நூற்றைம்பது?' என்றுதான் தோன்றுகிறது. என் தலைக்குள் இருக்கும் விலைப்பட்டியல் நான் விமானம் ஏறிய வருஷத்தோடு நின்றுவிட்டது. அதன்படி ஒரு தட்டு இட்லி இன்னும் 20 ரூபாய்.

சரி, தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை ஹைடெல்பெர்கில் எங்களுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு வேலையும் இல்லை. கையில் ஜெர்மனி முழுக்கச் செல்லும் மாத ரயில் பாஸ் இருக்கிறது, அவ்வளவுதான். மெதுவாகப் போகிற ரயில், நகரப் பேருந்து, டிராம் எல்லாவற்றிலும் ஏறலாம், அதிவேக ரயிலில் மட்டும் கூடாது. 2022 கோடையில் மூன்று மாதம் வெறும் 9 யூரோவுக்குக் கொடுத்து ருசி காட்டினார்கள். 2023 மே மாதம் 49 ஆக்கினார்கள். 2025இல் 58. இந்த 2026 ஜனவரியிலிருந்து 63. இருவருக்கும் சேர்த்து மாதம் 12,600 ரூபாய் கட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்க மனசு வருமா? விலை ஏற ஏற நாங்களும் இன்னும் தூரமாகப் போகிறோம். எங்கள் ஊர்சுற்றலைப் பார்த்து, வாழ்க்கையை ரசிக்கத் தெரிந்த தம்பதி என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். நாங்கள் பாஸ் காசை வசூல் செய்துகொண்டிருக்கிறோம்.

புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய் நெக்கர் ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து செலவில்லாமல் சாப்பிட்டோம். புளியோதரை தாகத்தைக் கிளப்பியது. கொண்டுபோன தண்ணீரோ, போகும்போதே ரயில் ஒரு வயல்காட்டில் காரணம் சொல்லாமல் நின்ற நேரத்தில் தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடைகள் பூட்டு. தாகத்தைக்கூடப் பொறுக்கலாம், மனைவிக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. உணவகக் கழிப்பறை வாடிக்கையாளருக்கு மட்டும். வாடிக்கையாளர் ஆவதற்காக உட்கார்ந்து, மெனுவில் மதுவில்லாததில் மலிவானது எது என்று தேடி, தண்ணீர் சொன்னோம்.

வந்தது சோடா. இந்த நாட்டில் தண்ணீர் என்று மொட்டையாகச் சொன்னால் சோடாதான் வரும். 720 ரூபாய் கொடுத்த பிறகு அதில் ஒரு சொட்டு விடலாமா? மனைவி போதும் என்று சொல்லிவிட்டாள். பாட்டிலைக் கவிழ்த்து மீதியை நான் குடித்தேன். கழிப்பறைக்காகத் தண்ணீர் வாங்கி, வாங்கிய பாவத்துக்காகக் குடித்து, குடித்த வினையாகத் திரும்பும் ரயிலில் எழுந்து போனால், கழிப்பறைக் கதவில் பழுது என்று தாள் ஒட்டியிருந்தது. வழியில் வரும் ப்ருக்ஸாலிலிருந்து ஸ்டுட்கார்ட் வரை நான் யாருடனும் பேசவில்லை.

பேசாமல் வந்த நேரத்தில் ஒரு கணக்குப் போட்டேன். ஜெர்மன் உணவகச் சட்டம், மெனுவில் உள்ள மிக மலிவான மதுவைவிட விலை கூடாத மதுவில்லாத பானம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது. லிட்டர் கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. அந்த உணவகத்தில் அரை லிட்டர் பீர் 4 யூரோ 90 சென்ட், ஆக லிட்டர் 9.80. முக்கால் லிட்டர் தண்ணீர் 7.20, ஆக லிட்டர் 9.60. இருபது சென்ட் வித்தியாசத்தில் சட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள்! பில் புத்தகத்தோடு கால்குலேட்டரையும் வைத்துக்கொண்டு யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இத்தனைக்கும் வீட்டுக் குழாயில் வருவதே அருமையான குடிநீர். ஸ்டுட்கார்ட்டுக்குக் கான்ஸ்டன்ஸ் ஏரியிலிருந்துகூட வருகிறது, லிட்டர் ஒரு சென்ட்கூட ஆகாது. அதை ஒரு டம்ளர் கொடுங்கள் என்று உணவகத்தில் கேட்டுப் பாருங்கள். பணியாளர் உங்கள் செருப்பு வரைக்கும் பார்ப்பார்.

பிரான்ஸில் அந்தப் பார்வை கிடையாது. குழாய்த் தண்ணீர் குடுவையைக் கேட்டால் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம், அதை மெனுவிலோ பலகையிலோ எழுதியும் வைக்க வேண்டும். இதைக் கேள்விப்பட்ட வாரமே நாங்கள் ஸ்ட்ராஸ்பர்க் கிளம்பியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

எல்லையில் இருக்கும் கேல் வரைக்கும் பாஸ் செல்லும். 2017 முதல் அங்கிருந்து ஆற்றைக் கடந்து டிராம் போகிறது. அதற்குத் தனி டிக்கெட் என்பதால் 2004இல் கட்டிய நடைபாலத்தின் வழியாக ரைன் நதியை நடந்தே கடந்தோம். "காத்து நல்லா இருக்கு பாரு" என்றேன். பதில் இல்லை. பாலத்தைத் தாண்டி ஊருக்குள் கதீட்ரல் வரைக்கும் நடந்ததிலும் பதில் இல்லை. கதீட்ரல் 142 மீட்டர் உயரம். 1647லிருந்து 1874 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான். உள்ளே இருக்கும் வானியல் கடிகாரத்தில் மதியம் பன்னிரண்டரைக்கு அப்போஸ்தலர் பன்னிருவரும் வரிசையாக வலம் வருவார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. நேரே சாப்பிடப் போய்விட்டோம். குடுவை வந்தது, காலியானது, இன்னொன்றும் வந்தது. ஐஸ் போட்டது, காசில்லாதது. நான் வெற்றிப் புன்னகையோடு நிமிர்ந்தபோது, மனைவி சாப்பாட்டு பில்லை என் பக்கம் தள்ளி, "இதையும் பெருக்குங்க" என்றாள். 4,600.

ஸ்ட்ராஸ்பர்க் பற்றி எழுத இன்னும் நிறைய இருக்கிறது, இடம்தான் இல்லை. கோடையில் எங்கள் பக்கம் வருகிறவர்கள் தாராளமாக வீட்டில் தங்கலாம், புளியோதரை உண்டு. குளிர்பானம் குடித்தால் காலி பாட்டிலை மட்டும் தயவுசெய்து நசுக்காதீர்கள். கடையில் இருக்கும் எந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பி வரும், நசுங்கியிருந்தால் துப்பிவிடும். பாட்டிலுக்கு இருபத்தைந்து ரூபாய்.