அப்கிரேடு அண்ணன்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த வட்டத்துக்குள் நுழைந்தாலும் ஓர் அப்கிரேடு அண்ணன் இருப்பார். குவார்ட்டர்ஸ் வராந்தாவில், கைலியும் அப்ரண்டிஸ் காலத்துச் சட்டையுமாக, யாரோ ஒரு பையனின் லேப்டாப்பை மடியில் குப்புறப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டிப்ளமோ முடித்தவர், ஊரின் பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யில் அப்ரண்டிஸும் முடித்தவர். நிரந்தர வேலைக்கான அறிவிப்பு வரும்வரை வீட்டில் சும்மா இருக்கிறார் என்று அக்கம்பக்கம் பேசிவிடக் கூடாது. ஆகவே எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை வட்டத்திலுள்ள அத்தனை பையன்களின் லேப்டாப்புக்கும் அவரே பொறுப்பு. சம்பளம் கிடையாது. டீ உண்டு, முறுக்கு உண்டு, ‘அண்ணா’ உண்டு.

வருகிற புகார் பெரும்பாலும் ஒன்றுதான்.

“அண்ணா, ஜிடிஏ ஃபைவ் ஓடலைண்ணா. ஹேங்க் ஆவுது.”

“என்னடா பிராசஸர்?”

“செலரான்ண்ணா.”

அண்ணன் உச்சுக்கொட்டுவார். “அத மொதல்ல தூக்கிக் கடாசு. ஒரு ஐ செவன் போட்டுட்டா பறக்கும் பாரு.”

அந்த லேப்டாப் 2020 ஊரடங்கின்போது ஆன்லைன் வகுப்புக்கு என்று சொல்லி வாங்கியதாக இருக்கும். உள்ளே செலரான் என்4020. இரண்டு கோர், 6 வாட். சேமிப்பு 64 ஜிபி. ஜிடிஏ ஃபைவ் விளையாட்டு 2015-ல் கணினிக்கு வந்தபோதே 65 ஜிபி இடம் கேட்டது. பிராசஸர் வரைக்கும் போகவே வேண்டாம், வாசலிலேயே விவகாரம் முடிந்துவிட்டது. ஆனால் இதை அண்ணனிடம் சொன்னால், “ஸ்டோரேஜ் கெடக்குது தம்பி, மொதல்ல பிராசஸர்” என்பார். விளையாட்டுக்குப் பிராசஸரைவிடக் கிராபிக்ஸ்தான் முக்கியம் என்று யாராவது வாயைத் திறந்தால், அவரை அண்ணன் பார்க்கும் பார்வையில் அவருடைய லேப்டாப்பே சூடாகிவிடும்.

இந்த நம்பிக்கை அண்ணனுக்கு இன்டர்நெட்டில் கிடைத்ததல்ல, ஊர் ஊட்டியது. 1956-ல் தொடங்கிய நிறுவனம் என்.எல்.சி. பழுப்பு நிலக்கரி வெட்டும் ஜெர்மன் ராட்சத எந்திரங்களில் பல்லை மாற்றுவார்கள், பக்கெட்டை மாற்றுவார்கள், கியர்பாக்ஸை மாற்றுவார்கள். எந்திரம் மட்டும் தலைமுறை தாண்டி வெட்டிக்கொண்டே இருக்கும். சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கியது; 2020 வரை ஓவர்ஹால் மேல் ஓவர்ஹாலாகப் பார்த்து ஓட்டினார்கள். சாப்பாட்டுத் தட்டு முன்னால்கூட ‘ஷட்டவுன்’, ‘ஸ்பேர்’, ‘பேரிங்’ என்று பேசும் வீடுகளில் வளர்ந்த பிள்ளை அவர். திருகு இருந்தால் கழற்றலாம், கழற்றினால் மாற்றலாம் என்பது அங்கே தாய்ப்பாலோடு வருவது. அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தவிர, அண்ணனுக்கென்று ஒரு தலபுராணமும் இருக்கிறது. காலேஜ் நாளில் பென்டியம் பி960 போட்ட ஒரு பழைய லேப்டாப்பைத் திறந்தார். அந்தக் காலத்து போர்டில் பிராசஸர் ஒரு சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். ஓரத்தில் ஒரு சின்னத் திருகு. ஸ்க்ரூடிரைவரை வைத்து அரைச்சுற்று திருப்பினால் பிடி தளரும். சிப்பை இரண்டு விரலால் எடுத்துவிடலாம். அண்ணன் எடுத்தார். சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கி வந்த பழைய ஐ5-2520எம் ஒன்றை வைத்தார். தெர்மல் பேஸ்ட் தடவினார். மூடினார். ஓடியது! அன்று ராத்திரி அந்த வராந்தாவில் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் விடிய விடிய நடந்தது. பழைய பிராசஸரிலேயே அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

அந்த ஒரு வெற்றியின் வட்டியில்தான் அண்ணன் இன்றுவரை காலம் தள்ளுகிறார். இதற்கிடையே இன்டெல் தன் போக்கை மாற்றிக்கொண்டது. லேப்டாப்புக்கான சாக்கெட் பிராசஸர் 2013-ல் வந்த நான்காம் தலைமுறையோடு முடிந்தது. ஐந்தாம் தலைமுறையிலிருந்து சிப்பை போர்டிலேயே பற்றவைத்து அனுப்புகிறார்கள். என் வரிசை செலரானோ பிறந்ததிலிருந்தே பற்றவைப்புதான். மெல்லிசாக வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்றால் சாக்கெட்டுக்கு இடமில்லை. அண்ணனுக்கு யாரும் தகவல் அனுப்பவில்லை.

அறுவைச் சிகிச்சையை ஒருமுறை கிட்டத்திலிருந்து பார்த்தேன். கீழ் மூடியின் திருகுகளைக் கழற்றினார். மூடி வரவில்லை. ரப்பர் காலைப் பிய்த்தால் அதற்கடியில் இன்னும் இரண்டு. அவற்றையும் எடுத்துவிட்டு, காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்றை இடுக்கில் செருகி ஓரமாக நகர்த்தினார். டக். டக். ஒவ்வொரு ‘டக்’குக்கும் பையன் கண்ணை மூடித் திறந்தான். உள்ளே ஃபேன் கிடையாது. ஒரு மெல்லிய உலோகத் தகடு, அவ்வளவுதான். அதைத் தூக்கினால் ஓர் அங்குலச் சதுரத்தில் பச்சைச் சில்லு, நடுவில் கண்ணாடியாய்ப் பளபளக்கும் சிலிக்கான். அடியில் 1090 சால்டர் உருண்டைகள் போர்டைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. அண்ணன் செல்போன் டார்ச்சை அடித்து நாலு பக்கமும் தேடினார்.

“லாக்க உள்பக்கமா குடுத்திருக்கான் போல.”

ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாக நெம்பியும் பார்த்தார். பையனின் அம்மா கேட்டுக்கு வெளியே நின்றபடி, “தம்பி, பரீட்சை வருதுப்பா, அதுலதான் எல்லா நோட்ஸும் இருக்கு” என்றார். நெம்பல் நின்றது.

தீர்ப்பு சொன்னவர் அண்ணனின் அப்பா. ‘தெர்மல் ஒன்று’ என்கிற அந்த முதல் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; வாக்கிங் முடித்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்தார்.

“இது எத்தன வாட்டுடா?”

“ஆறுப்பா.”

“நீ போடப்போறது?”

“நாப்பத்தஞ்சு.”

“அம்பது மெகாவாட் பாய்லர வெச்சிக்கிட்டு ஐநூறு மெகாவாட் டர்பைன சுத்துவியா? ஸ்டீமு எங்க? கூலிங் டவர் எங்க? டேய், தெர்மல் ஒன்னையே அப்கிரேடு பண்ணிக்கிட்டு கெடக்கல. ஒம்போது யூனிட்டுக்கும் பதிலா, புதுசா ரெண்டு யூனிட்டு கட்டுனாங்க. தெரியுமில்ல?”

அவர் சொன்னது அச்சாகச் சரி. பழைய நிலையம் ஆறு 50 மெகாவாட், மூன்று 100 மெகாவாட், ஆக 600. அதற்குப் பதிலாக வந்த புதியது இரண்டு 500 மெகாவாட் யூனிட்டுகள், ஆக 1000. ஐம்பது வருடத்துக்கு மேல் ஓவர்ஹால் பார்த்த நிறுவனமே ஒரு கட்டத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டது.

அண்ணன் அசரவில்லை, அசர மாட்டார், அவர் இனமே அப்படி. “செலரான்ல பிரச்சன இல்ல தம்பி, போர்டுதான் சப்போர்ட் பண்ணாது. போர்டோட மாத்திக்கலாம்” என்று பையனிடம் சொன்னார். ஐ செவன் போர்டின் விலைக்குப் பழைய ஐ செவன் லேப்டாப்பே வந்துவிடும் என்பது அண்ணனுக்கும் தெரியும். கடைசியில் மெயின் பஜாரில் ஒரு ராமும் ஓர் எஸ்.எஸ்.டி.யும் வாங்கிப் போட்டார். லேப்டாப் சட்டென்று திறந்தது, பையன் வாயும் திறந்தது, அண்ணன் புகழ் அடுத்த வட்டத்துக்கும் பரவியது. பையன் இப்போது ஆடுவது ஜிடிஏ வைஸ் சிட்டி; அவன் பிறப்பதற்கு முன், 2002-ல் வந்தது. மூடியபின் மிஞ்சிய இரண்டு திருகுகளை அண்ணன் டப்பாவில் போட்டுக்கொண்டார். “இது எக்ஸ்ட்ரா, கம்பெனியே குடுக்கறதுதான்.”

உங்கள் வட்டத்து அண்ணனிடம் லேப்டாப்பைக் கொடுக்கும் முன் பிராசஸர் எண்ணை ஒருதரம் பாருங்கள். ஐ3, ஐ5-க்குப் பின்னால் 2, 3 அல்லது 4-ல் தொடங்கி ‘எம்’ என்று முடிந்தால் உள்ளே பெரும்பாலும் சாக்கெட் இருக்கும். தைரியமாகக் கொடுக்கலாம், அது அவர் கைவந்த கலை. ‘யு’ என்று முடிந்தாலோ, செலரான் என் என்று தொடங்கினாலோ, ராமோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். எதுவானாலும் அந்த ஏடிஎம் கார்டு உங்களுடையதாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.