கை கறுக்காத வேலை

நோவை, மிச்சிகன்.

அன்புள்ள அண்ணாவுக்கு,

 

"மாப்பிள்ளை சனி ஞாயிறுல போனே எடுக்கறதில்லையே, ஏதாவது கோபமா?" என்று அம்மாவிடம் கேட்டாயாம். கோபமெல்லாம் இல்லை. சனி ஞாயிறில் அவர் காருக்கு அடியில் படுத்திருக்கிறார். கால் மட்டும்தான் வெளியே தெரியும். காபி வேணுமா என்றுகூட அந்தக் காலைப் பார்த்துத்தான் கேட்கிறேன்.

கார் என்றால் புதுக்கார் என்று நினைத்துவிடாதே. 1981-ஆம் வருடத்து செவர்லே மாலிபு. எதிர்வீட்டுப் பெரியவர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டையரானவர். அவர் கொட்டகையில் எலிகள் பிள்ளைகுட்டியோடு குடியிருந்த வண்டி அது. எலியையும் சேர்த்துக் காலி செய்துகொள்வதாக இருந்தால் எடுத்துக்கொள் என்கிற விலைக்குக் கொடுத்துவிட்டார். இப்போது எங்கள் வீட்டு கராஜில் நடுநாயகமாக நிற்கிறது. குளிர்காலம் முழுக்க, ஓடாத கார் உள்ளே ஹீட்டர் சூட்டில்; ஓடுகிற கார் வெளியே பனியில். தினமும் காலையில் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டு ஆபீஸுக்குப் போனவள் நான்தான்.

இந்த மாதிரி வண்டிக்கு இங்கே ஸ்ட்ரீட்-ஸ்ட்ரிப் கார் என்று பெயர். வாரநாளில் நம்பர் பிளேட்டோடு கடைக்குப் போகலாம். சனிக்கிழமை அதே வண்டியை ஸ்ட்ரிப்புக்கு ஓட்டிக்கொண்டு போய் ரேஸ் விடலாம். ஸ்ட்ரிப் என்பது கால் மைல் நேர்பாதை. நம் கணக்கில் 402 மீட்டர். பக்கத்தில் பக்கத்தில் இரண்டே கார். வளைவு கிடையாது, ஷேர் ஆட்டோ கிடையாது, மாடு கிடையாது. தெருவில் ரேஸ் விட்டுக்கொண்டிருந்த பையன்களை ஒழுங்காக ஓர் இடத்தில் ஓட வைப்பதற்காக வாலி பார்க்ஸ் என்பவர் 1951-இல் இதற்கென்று ஒரு சங்கமே ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் போருக்குப் பிறகு சும்மா கிடந்த விமான ஓடுதளங்களில்தான் பலபேர் ஓட்டிப் பழகியிருக்கிறார்கள். நம் சோழவரம் கதையேதான். போர்க்காலத்து ஓடுதளத்தில் ரேஸ் நடக்கிறது என்று அப்பா உன்னை மட்டும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாரே, "பொம்பளைப் பிள்ளைக்கு அங்க என்ன வேலை" என்று என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டு! அதை நான் மறக்கவில்லை. அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இன்ஜின். பழைய சில்வராடோ டிரக்கிலிருந்து கழற்றியது. 1999-லிருந்து அந்த டிரக்குகளில் வந்த 5.3 லிட்டர் வி-8. ஊரெல்லாம் இறைந்து கிடப்பதால் மலிவு. எட்டு சிலிண்டரில் ஒன்று மட்டுமே 666 சிசி. நம் மாருதி 800-க்கு மொத்த இன்ஜினுமே 796 சிசிதான் என்று இவரிடம் சொன்னேன். "அதனாலதான் அதுல ஏசி போட்டா மேம்பாலம் ஏறலை" என்றார்.

இன்ஜின் வாங்கிய பழைய கார் கிடங்கை நீ பார்க்க வேண்டும். புதுப்பேட்டையில் போய் அம்பாசடர் டைனமோ என்று கேட்டால் டீ வருவதற்குள் சாமான் வந்துவிடும். விலை படியத்தான் அரை நாள். இங்கே விலை போர்டிலேயே எழுதியிருக்கிறது. கழற்றத்தான் நாள் முழுக்க. உள்ளே நுழையவே காசு. ஸ்பானரை நாமே கொண்டுபோய், சேற்றில் படுத்து, நாமே கழற்றி, நாமே தள்ளிக்கொண்டு வர வேண்டும். வழக்கம்போல இவர், "கொஞ்சம் பார்த்துப் போட்டுக்கங்க" என்றார். கல்லாவில் இருந்த பெண் வாயே திறக்காமல் போர்டைக் காட்டினாள்.

"இன்ஜினை மாத்தினா ஆர்டிஓ விடுவானா?" என்று கேட்பாய். நம் ஊரில் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-இல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. அதே வருடத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில். இந்த வண்டியில் செய்திருக்கும் மாற்றங்களை எண்ணினால் உன் பட்டறையை விற்றாலும் கட்டி முடியாது. மிச்சிகனில் வருடாந்தரச் சோதனை என்பதே கிடையாது. போலீசுக்குப் பதில் இங்கே காலனி அசோசியேஷன் இருக்கிறது. வாசலில் சக்கரமில்லாமல் வண்டி நின்றால் மறுநாளே கடுதாசி.

செலவைப் பற்றி நீ கவலைப்படாதே. அவர் கவலைப்படவில்லை. 'பட்ஜெட் கார்' என்று தனி நோட்டுப் போட்டு எழுதுகிறார். அந்த நோட்டில் டூல்ஸ் சேராது, ஏனென்றால் அது "சொத்து". இன்ஜின் தூக்குகிற ஹாய்ஸ்ட் சேராது, அதை "திரும்ப வித்துடலாம்". பெயின்ட் சேராது, அது என் பிறந்தநாள் பரிசாம். இப்படி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் பட்ஜெட் உண்மையிலேயே அடக்கமாகத்தான் இருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வருவது வேறு விஷயத்துக்கு. பாடி ஃபாக்டரியில் மூன்று ஷிஃப்டும் பார்த்த மனிதர் என் மாமனார். நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் ரிட்டையரான பிறகும் போகவில்லை என்பார். பிள்ளை கை கறுக்காத வேலைக்குப் போக வேண்டும் என்று ஓவர்டைம் பார்த்துப் படிக்க வைத்தார். பிள்ளையும் படித்து, அமெரிக்கா வந்து, கீபோர்டு தவிர வேறெதையும் தொடாத வேலையில் உட்கார்ந்து, அந்தச் சம்பளத்தை எடுத்துக் கொடுத்துக் கையைக் கறுப்பாக்கிக்கொள்கிறார். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் போட்டோவுக்கு நிற்கும்போது இரண்டு கையையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். இந்தத் தெருவில் பாதி வீட்டு கராஜில் இதே கதைதான். டாக்டர்கூட வெல்டிங் அடிக்கிறார். நம் அம்பத்தூர் எஸ்டேட்டில் வாரநாளில் ஒருத்தர் கை வெளுத்திருந்தால் ஆர்டர் இல்லை என்று அர்த்தம். இங்கே கை கறுத்திருந்தால் ஓய்வும் பணமும் இருக்கிறது என்று அர்த்தம்.

அதற்காக நம்மவர்கள் இப்படி ஆசைக்குச் செய்ததில்லை என்று சொல்ல மாட்டேன். கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினைப் போட்டே ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்து, ஓட்ட ஆசைப்பட்ட பையன்களுக்கு எட்டுகிற விலைக்குக் கொண்டுவந்தாரே. 1990-இல் பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக்கும் வந்துவிட்டது. ஆனால் அம்பத்தூரில் கராஜ் உள்ள வீடு எது? கார் நிறுத்த இடமிருந்தால் அதில் ஒரு லேத்தைப் போட்டு வாடகைக்கு விட்டுவிடுவோம்.

சரி, ஸ்ட்ரிப் கதைக்கு வருகிறேன். மார்ட்டின் என்கிற ஊர், இங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஓட விடுவதற்கு முன் சோதனை. சோதிக்கிறவர் பெல்ட், பேட்டரி, பிரேக் எல்லாம் பார்த்துவிட்டு டிக்கியைத் திறந்தார். உள்ளே இரண்டு மூட்டை சோனா மசூரி. முந்தின நாள் கடையில் வாங்கியது. பின்சக்கரத்தின் மேல் எடை இருந்தால் டயர் வழுக்காது என்று இவர் இறக்காமலே கொண்டுவந்திருக்கிறார். எடை வைப்பதானால் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும், மூட்டை கட்டி வைக்கக் கூடாது என்பது விதியாம். அரிசியைக் கையில் கொடுத்துவிட்டார். நான் அதன் மேல் உட்கார்ந்துதான் ரேஸ் பார்த்தேன்.

இங்கே மலிவு வண்டியும் ஜெயிக்கிற மாதிரி ஒரு முறை வைத்திருக்கிறார்கள், பிராக்கெட் ரேஸ் என்று. உன் வண்டி கால் மைலை எத்தனை வினாடியில் ஓடும் என்று நீயே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். அதை வெள்ளை ஷூ பாலிஷால் கண்ணாடியில் எழுதுவார்கள். நாங்கள் 14.40. பக்கத்தில் ஒரு கார்வெட், 12.10. அந்த வித்தியாசம் 2.30 வினாடி, அவ்வளவு முன்னதாக நமக்குப் பச்சை விழும். முதலில் கோட்டைத் தாண்டுகிறவர் ஜெயித்தவர். ஆனால் எழுதிய நேரத்தைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி! உன் கோ, நோ-கோ கேஜ் மாதிரிதான்: அளவுக்கு மேலே போனாலும் ரிஜெக்ட், கீழே போனாலும் ரிஜெக்ட்.

முதல் முறை இவர் ஓட்டினார். மஞ்சள் விளக்கு மூன்று, அரை அரை வினாடி இடைவெளியில் விழும், பிறகு பச்சை. பச்சைக்கு முன் கிளம்பினால் சிவப்பு எரிந்து ஆட்டம் முடிந்தது. திருமங்கலம் சிக்னலில் பழகிய மனிதர், பச்சை வரும் வரை நிற்பாரா? முதல் மஞ்சளிலேயே போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் ஓட்டினேன். ஆமாம், நான்தான். அப்பாவிடம் சொல். 14.43. கார்வெட்காரர் என்னைத் துரத்திப் பிடிக்கிற ஆவேசத்தில் 12.05 ஓடிவிட்டார், சொன்னதைவிட வேகம், அதனால் ரிஜெக்ட். அடுத்த சுற்றில் நானும் தோற்றேன், பரவாயில்லை. அச்சடித்த சீட்டு ஒன்று தருகிறார்கள், கிளம்பிய நேரம் முதல் கடைசி வேகம் வரை எல்லாம் அதில். போட்டோ அனுப்பியிருக்கிறேன். அப்பா கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டு.

கடைசியாக ஒரு வேலை. மாலிபுவின் டிரைவர் பக்கக் கதவு தொங்குகிறது. கீல் புஷ் தேய்ந்துவிட்டது. இங்கே கடையில் சில டாலருக்குக் கிடைக்கும். ஆனால் இந்த வண்டியில் அம்பத்தூர் சாமான் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் ஆசை. கன்மெட்டலில் இரண்டு ஜோடி கடைந்து கொடு. டிராயிங் இல்லாமல் நீ வேலை எடுக்க மாட்டாய் என்று தெரியும்; தனித்தாளில் அளவு போட்டிருக்கிறேன், வெர்னியரில் நானே அளந்தது.

ஜூனில் மாமனார் வருகிறாரே, அவரிடமே கொடுத்தனுப்பு. கார் விஷயம் இன்னும் அவருக்குத் தெரியாது. எதற்கு என்று கேட்டால் கதவு கீலுக்கு என்று சொல். பொய் இல்லை. எந்தக் கதவு என்று கேட்டால் மட்டும், எஸ்டேட்டில் கரண்ட் போய்விட்டது என்று போனை வைத்துவிடு.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை